வித்தியாசம் பூஜ்யம்

புதிய சிஸ்டம் வந்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தார்கள். மூடியில் 'வெற்றிகரமான மாற்றம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆணி, திருகு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் எல்லாவற்றையும் அதில்தான் போட்டுவைக்கிறேன். சாப்பாடு எடுத்துப்போக ஒருநாளும் மனம் வரவில்லை.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள். அந்த வருடத்து டைரி அலமாரியில் இருக்கிறது. இதை எழுத அதைப் புரட்டவில்லை. நடந்ததில் எதையும் நான் மறந்துவிடவில்லை.

அப்போது பூனாவில், போபோடிப் பகுதியில் ஒரு குறுகிய சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குக் கட்கியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. சைக்கிளிலேயே போய்விடுவார். எனக்கு ஊருக்கு வெளியே வெகு தூரத்தில், ரஞ்சன்காவில். கம்பெனி பஸ் ஔந்தில் ஆபீசர்களை ஏற்றிக்கொண்டுதான் எங்கள் நிறுத்தத்துக்கு வரும். ஜன்னலோர இடங்கள் எல்லாம் அதற்குள் போயிருக்கும். அகமத்நகர் ரோட்டில் ஷிக்ராப்பூர் வரை நடு சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் செய்தது டிராக்டர், லாரி இன்ஜின்களுக்கான ரப்பர் குழாய். குழாய் பெரிய சுருளாக வெளியிலிருந்து வரும். அதை ஸ்டோர்ஸில் அடுக்கிவைத்து, ஆர்டருக்கு ஏற்ற நீளத்தில் வெட்டி, இரு முனையிலும் கிளாம்ப் மாட்டி அனுப்புவார்கள். சுருள் தீர்ந்தால் வெட்டும் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் லைன் முழுவதும் நிற்கும். எவ்வளவு குழாய் கையிருப்பில் உள்ளது என்பதைச் சொல்வது என் வேலை. ஆனால் என் நியமனக் கடிதத்தில் இருந்தது 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' என்று மட்டும். சேர்ந்த நாளிலிருந்து அதுவேதான்.

ஸ்டோர்ஸ் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதனுடன் ஒரு டேட்டாபேஸ் மென்பொருளும் வந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. 'அப்பா பல்வந்த் சௌக்' என்ற நாற்சந்தியில், ஒரு பழைய புத்தகக் கடையில், அதைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் முதல் மூன்று அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தார். அதுவரைதான் பென்சில் கோடு இருந்தது. மீதியை நான் கோடு போட்டேன்.

முதலில் எல்லாவற்றையும் கையால்தான் செய்தேன். அன்றைய வரவை அட்டவணையில் சேர்ப்பது ஒரு கட்டளை, இருப்போடு கூட்டுவது இன்னொன்று, வெட்டியதைக் கழிப்பது மற்றொன்று. வரிசை மாறக் கூடாது. இடையில் போன் வந்தால் எதுவரை ஓட்டினோம் என்பது மறந்துவிடும். ஒரே வரவை இரண்டு தடவை கூட்டிவிட்டால், ரேக்கில் இல்லாத சுருள்கள் திரையில் நிற்கும். அதற்குத்தான் மேக்ரோ. செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கியதும் அது தானே அந்த வரிசையில் செய்து முடிக்கும். காலையில் ஸ்டோர்ஸ் கொட்டகையிலிருந்து வரவும் வெட்டும் பதிந்த பிளாப்பி வரும். அதைப் போட்டு அமுக்கினால், டீ வருவதற்குள் அன்றைய இருப்பு தயார்.

அட்டவணையில் இருப்பதை மாற்றுவதற்கு முன் அந்த மென்பொருள் ஒரு பெட்டியைத் திரையில் காட்டும். இத்தனை வரிகளை மாற்றப்போகிறாய், 'ஆம்' கொடுத்துவிட்டால் பழையபடி ஆக்க முடியாது, செய்யட்டுமா என்று கேட்கும். மேக்ரோ எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள். என் புத்தகமும் அப்படித்தான் சொன்னது. நான் அணைக்கவில்லை. பிளாப்பியில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் பெட்டி சொல்லும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் 'ஆம்' கொடுப்பேன். இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவேன்.

எங்கள் ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு அது பிடிக்காது. கோத்ரூட்காரர், கலகலப்பானவர், பாதி இந்தியும் பாதி மராத்தியுமாகப் பேசுவார். நான் லீவில் இருந்த ஒருநாள் அவரே மேக்ரோவை ஓட்டியிருக்கிறார். மறுநாள் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"அஹோ மேடம், உங்க கம்ப்யூட்டர் என்ன, பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி கேள்வி மேல கேள்வி கேக்குது? ஆமா, ஆமா, ஆமான்னு சொல்லி எனக்கு விரல் வலிக்குது."

"அதுல ஒரு நம்பர் வரும் சார். அதைப் பாத்துட்டு அமுக்கணும்."

"எப்படியும் அமுக்கத்தானே போறோம்? அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

குழாயில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது என்பதால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போசரியிலிருந்து வரும் ஒரு சப்ளையரின் சுருளில், லேபிளில் போட்டிருக்கும் நீளம் உள்ளே இருக்காது. சில மீட்டர் குறையும். ஒவ்வொரு லோடிலும் குறைவு ஒரே மாதிரியும் இருக்காது. ஒவ்வொரு சுருளையும் விரித்து அளக்க முடியாது. ஆனால் எடை போடலாம். ஒரு மீட்டர் குழாய் எவ்வளவு எடை என்று தெரிந்தால், சுருளின் எடையிலிருந்து நீளத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டோர்கீப்பரிடம் சொல்லி, வரும் சுருள் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றவைத்தேன். எடை பிளாப்பியில் வரும். மேக்ரோ அதை நீளமாக மாற்றி இருப்பில் சேர்க்கும். அந்த சப்ளையரின் பெயருக்கு எதிரே, குறிப்புக்கான இடத்தில் ஒரு வரி எழுதிவைத்தேன்: லேபிளை நம்ப வேண்டாம், எடை போட்டுப் பார்க்கவும்.

ஸ்டோர்கீப்பர் ஷிரூர்க்காரர். தராசருகே போகும்போதெல்லாம் புலம்புவார். "தாயி, என் பெண்டாட்டிகூட ரேஷன் அரிசியை இப்படி எடை போட மாட்டா. உனக்குச் சீர் குடுத்தவங்க தராசும் சேத்துக் குடுத்தாங்களா?" புலம்பினாலும் ஒரு சுருளையும் விடமாட்டார். அந்த மேக்ரோ வந்த பிறகு குழாய் போதாமல் லைன் நின்றதே இல்லை. நிற்காத லைனுக்காக யாரும் யாரையும் பாராட்டுவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு, இரண்டாயிரத்தைத் தாண்டிய சில வருடங்களில், டைரக்டர் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். கணக்கு, கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் பெரிய சிஸ்டம் ஒன்றை வாங்க முடிவு செய்துவிட்டார். மேனேஜர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"மேடம், நேரா சொல்லிடறேன். புது சிஸ்டம் நல்லபடியா ஓட ஆரம்பிச்சா ஸ்டோர்ஸ் பக்கத்துக்கு நீங்கதான் இன்சார்ஜ். ஆபீசர் கிரேட். உங்க பேரை எழுதி டைரக்டர்கிட்ட குடுத்துட்டேன். ஓடலைன்னா, ஸ்டோர்ஸுக்கு எதுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் ஆள்னு அவர் கேப்பார். நான் என்ன பதில் சொல்ல?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த இரண்டு சொற்களையும் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆபீசர் கிரேட். ஆசைப்பட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. நான் செய்த வேலைக்கு உரிய பெயரைத்தான் கேட்டேன்.

புது சிஸ்டத்தைப் பொருத்த ஒரு கன்சல்டன்ட் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். வந்த அன்றே நான் போனில் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டுவிட்டு, என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தமிழுங்களா? அப்பாடா. ஒரு வாரமா இந்த ஊர்ல நான் ஊமைங்க்கா. ஹோட்டல்ல சாம்பார்னு ஒண்ணு குடுக்கறாங்க பாருங்க, பாயசத்துல பருப்பைப் போட்ட மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு டப்பா கட்டினேன். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சில நாள் வத்தக்குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே என் மேக்ரோக்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார்.

"இத்தனையும் நீங்க தனியாவா பண்ணுனீங்க? யாரும் சொல்லிக் குடுக்காமயா?"

"புத்தகம் இருந்துச்சு."

"அக்கா, நீங்க எங்க கம்பெனில இருக்க வேண்டிய ஆளுங்க. சும்மா சொல்லலை."

வீட்டில் என் மகளே நான் தமிழில் கேட்பதற்கு இந்தியில்தான் பதில் சொல்வாள். என் வேலையைப் புரிந்துகொண்டு அதுவரை யாரும் என்னிடம் தமிழில் பேசியதே கிடையாது. அந்தச் சொற்களை எவ்வளவு சீக்கிரம் நம்பினேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை ஓட வேண்டும், எந்த சப்ளையர் எப்போது ஏமாற்றுவார், எந்தப் பொருளுக்கு இரண்டு பெயர் உண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். போசரி சுருளைப் பற்றி ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னேன்.

"குறிச்சுக்கிட்டேனுங்க்கா. எல்லாம் வந்துரும்."

வரவில்லை. புது சிஸ்டத்தில் ஒரு சுருளுக்கு ஒரே நீளம்தான், அது லேபிளில் உள்ள நீளம். சப்ளையர்வாரியாகவோ எடைப்படியோ வைக்க அதில் இடம் ஒதுக்கவில்லை. கேட்டதற்கு, "அது செகண்ட் ஃபேஸ்ங்க்கா, இப்பத்திக்கு லைவ் ஆயிரட்டும்" என்றார்.

லைவ் ஆவதற்கு முன், அதாவது பழையதை நிறுத்திவிட்டுப் புதியது மட்டும் ஓடுவதற்கு முன், ஒரு சடங்கு உண்டு. பழைய சிஸ்டமும் புதிய சிஸ்டமும் சில மாதங்கள் சேர்ந்தே ஓட வேண்டும். ஒரே வரவை இரண்டிலும் ஏற்ற வேண்டும். அந்த மாதங்களில் என் வேலை இரட்டிப்பானது. வாரம்தோறும் இரண்டின் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அறிக்கை எடுக்கவேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வித்தியாசம்'. அதில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம் வந்தால்தான் டைரக்டர் கையெழுத்திடுவார். கிளாம்ப், ஸ்பிரிங், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் பூஜ்யம். குழாய் மட்டும் பூஜ்யமாகவில்லை. புது சிஸ்டம் எப்போதும் அதிகமாகக் காட்டியது. ஒவ்வொரு லோடு வந்தபின்னும் அந்த அதிகம் கூடிக்கொண்டே போனது.

கையெழுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அறிக்கை அவர் மேசையில் இருந்தது. குழாய் வரிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

"எது சரி மேடம்?"

"பழையதுதான் சார். எடை போட்டது."

"எது சரின்னு நான் கேட்டிருக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அதுதான் வேணும்."

"அப்ப புதுசைத் திருத்தணும்."

மேனேஜர் கன்சல்டன்டைப் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பி, தமிழில் பேசினார்.

"அக்கா, புதுசுல இப்பக் கை வெச்சா தேதி தள்ளிப் போயிரும்ங்க. எங்க ஆபீஸ்ல என்னைய உயிரோட விட மாட்டாங்க. நீங்க ஒரு சின்ன மேக்ரோ போட்டு, எங்க நம்பரை உங்க டேபிள்ல ஏத்திட்டீங்கன்னா முடிஞ்சுது. லைவ் ஆனதும் மொத வேலையா இதை நான் சரி பண்ணிக் குடுத்தர்றேன். என்னை நம்ப மாட்டீங்களா?"

"எடை போட்ட நம்பரை அழிச்சுட்டு லேபிள் நம்பரைப் போடச் சொல்றீங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க என்ன இருக்கும்?"

"லைவ் ஆயிட்டா எதுக்குங்க்கா ஒப்பிடணும்?"

மேனேஜர் மேசையைத் தட்டினார். "என்ன, மதராஸி மாநாடா? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

கன்சல்டன்ட் ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இவ்வளவுதான் விஷயம்!"

"எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றேன்.

"மேடம், நீங்க டீக்குக்கூட எழுத்துல கேப்பீங்க போலிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க கிரேட் பேப்பர் டைரக்டர் மேசையில இருக்கு. கையெழுத்து நாள்ல அதையும் சேத்து நீட்டலாம்னு இருக்கேன். இந்தச் சமயத்துல போய் எழுத்து, கிழுத்துன்னு."

எழுதினேன். நான் எழுதிய மேக்ரோக்களிலேயே மிகச் சுலபமானது அதுதான். அவர்கள் தந்த கோப்பைத் திற, குழாய் வரிகள் ஒவ்வொன்றிலும் என் எண்ணை எடுத்துவிட்டு அவர்கள் எண்ணை வை, மூடு. எத்தனையோ நாள் எடை போட்டுக் கண்டுபிடித்ததை ஒரே கட்டளையில் அழிக்க முடிந்தது.

அட்டவணையின் ஒரு நகலில் சோதித்துப் பார்த்த மேனேஜர், "அந்தப் பெட்டியை எடுத்துடுங்க, டைரக்டர் உக்காந்திருக்கும்போது அது குறுக்க வந்து நிக்கக் கூடாது" என்றார்.

"எடுக்க மாட்டேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "யார் ஓட்டுறாங்களோ, அவங்க படிச்சுட்டு அமுக்கட்டும். நான் ஓட்ட மாட்டேன்."

"சரி தாயே, நான் ஓட்டறேன்."

கையெழுத்து நாளன்று காலையில் அவரே என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். பெட்டி வந்தது. இத்தனை வரிகள், பழையபடி ஆக்க முடியாது, செய்யட்டுமா? அவர் கன்சல்டன்டிடம் ஏதோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே, பியூனைக் கூப்பிட மணியை அமுக்குவதுபோல் 'ஆம்' அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து டைரக்டர் வந்து அறிக்கையைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். "ஷாபாஷ்" என்றார். பேடா கொடுத்தார்கள். அதோடுதான் அந்த டிபன் டப்பாவும். என் கிரேட் பேப்பரை யாரும் நீட்டவில்லை. கேட்டதற்கு, அடுத்த குவார்ட்டர் என்றார் மேனேஜர்.

அதே வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய சிஸ்டத்தின் எல்லாப் பிரதிகளையும் கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும். கடைசி நிலையில் உள்ள ஒரு பிரதியை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்வார்கள், மற்றவற்றை அழித்துவிடுவார்கள். மேக்ரோவை ஓட்டுவதற்கு முந்தைய நாள் நான் எடுத்துவைத்த சி.டி. என் இழுப்பறையில் இருந்தது. அதை ஒப்படைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்க்க வசதியாக, எடை போட்ட எண்கள் உள்ள ஒரு பிரதியை வீட்டிலும் வைத்திருந்தேன். அதையும் அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டார். அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பூனாவில் எத்தனை வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"என்னது அது?"

"ஆபீஸ் சி.டி. திருப்பிக் குடுக்கணும்."

"ஆபீஸ்ல இருந்ததத்தான் குடுத்துட்டேன்னு சொன்ன?"

"எல்லாப் பிரதியும்னு போட்டிருக்கு."

"போட்டிருந்தா? வீட்டுல ஒண்ணு இருக்கது அவனுக்கு எப்படித் தெரியும்? எவனாவது இப்படிக் கொண்டுபோய்க் குடுப்பானா? ஒண்ணை வச்சுக்கிடு. சொல்லுதத கேளு."

"கையெழுத்துப் போடணுங்க. எல்லாம் குடுத்துட்டேன்னு. வச்சுக்கிட்டு எப்படிப் போட?"

"நீ மேனேஜர் ஆவ மாட்ட" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மறுநாள் அதையும் ஒப்படைத்தேன். என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.

சுருளை எடை போடுவதை நிறுத்திவிட்டார்கள். புது சிஸ்டத்தில் எடைக்கு இடம் இல்லை. ஸ்டோர்கீப்பர் தராசின் மேல் சாக்கு மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார். "தாயி, உன் மாமியார் கம்ப்யூட்டர் தொல்லை விட்டுது" என்றார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கன்சல்டன்டிடம் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "பண்ணிரலாங்க்கா, பண்ணிரலாம்." அதற்குள் அவர் கொள்முதல் பிரிவுக்கு மாறியிருந்தார். அங்கே சாப்பாட்டுக்கு வேறு கூட்டம் சேர்ந்துவிட்டது.

பிறகு லைன் நின்றது. அவசரமான ஆர்டர், வாசலில் வாடிக்கையாளரின் லாரிகள். திரையில் குழாய் தேவைக்கு மேலேயே இருந்தது. ரேக்கில் போய்ப் பார்த்தால் வெறும் மரச்சட்டம். வெட்டும் ஆட்கள் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைக்க வெளியே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். மேனேஜர், கன்சல்டன்ட், நான். ஸ்டோர்கீப்பரைக் கூப்பிடவில்லை.

எதிர்பார்த்த கேள்வியைத்தான் டைரக்டர் முதலில் கேட்டார். "பழைய சிஸ்டத்துல இந்தக் குழாய்க்கு என்ன இருந்தது?"

கம்ப்யூட்டர் பிரிவு வைத்திருந்த அந்த ஒரே பிரதியைத் திறந்து காட்டினார்கள். கையெழுத்து நாளன்று குழாயின் இருப்பு, புதியதிலும் பழையதிலும் ஒரே எண்.

மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பாருங்க சார். பழசுலயே இந்தத் தப்பு இருந்திருக்கு. அதுதான் புதுசுக்கு வந்திருக்கு."

"இல்லை சார்" என்றேன். "புதுசுலேர்ந்துதான் பழசுக்கு வந்தது. அன்னிக்குக் காலையில ஒரு மேக்ரோ ஓட்டி மாத்தினது. பழைய நம்பர் குறைவா இருந்துச்சு. அது சரியாவும் இருந்துச்சு."

"அந்த மேக்ரோவை எழுதினது யாரு?"

"நான்தான்."

"யார் சொல்லி?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் வருத்தப்படுகிறவர்போல் தலையை ஆட்டினார். "ரெண்டையும் சரி பார்த்து ஒத்துப்போக வைங்கன்னு சொன்னேன் சார். இவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் எப்படி நினைப்பேன்?"

"நீங்கதானே சார் 'ஆம்' அமுக்கினீங்க? பெட்டி வந்துச்சே."

"மேடம், உங்க மேக்ரோ. உங்க பெட்டி. உங்க மேல நம்பிக்கை வெச்சு அமுக்கினேன்."

கன்சல்டன்டிடம் திரும்பினேன். மற்ற இருவருக்கும் புரியாது என்பதால், தமிழில், வேண்டுமென்றே தாழ்ந்த குரலில் சொன்னேன். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க நம்பரைத்தானே ஏத்தச் சொன்னீங்க?"

அவர் டைரக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பழைய சிஸ்டம் தம் வேலை வரம்புக்குள் வரவில்லை என்றும், அதில் என்ன மாற்றம் செய்தார்கள் என்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் தமிழில் பேசவே இல்லை.

"மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த காப்பி இருக்கா?" டைரக்டர் கேட்டார். நியாயமான மனிதர்தான். அவருக்கு உண்மை தெரிய வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன் சார். சுற்றறிக்கைப்படி."

"ஒண்ணுகூட வெச்சுக்கலையா?"

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளாத ஆள் இருக்க முடியும் என்று அவரால் நம்ப முடியவில்லை. அறையிலிருந்த எவராலும் நம்ப முடியவில்லை. விதியில் இருந்ததை இருந்தபடியே செய்தேன் என்பது, நான் எதையோ மறைக்கிறேன் என்பதற்கான அடையாளமாகப் போய்விட்டது.

வேலையை விட்டு நீக்கவில்லை. கேட்டில், வரும் வண்டிகளுக்குப் பாஸ் எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். அதே டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். ஸ்டோர்ஸ் இன்சார்ஜாகக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார், ஆபீசர் கிரேடில். என் கணவரிடம் சொன்னபோது, அவர் அந்த சி.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சில வருடம் கழித்து ஔந்தில் ஒரு சிறிய பிளாட் வாங்கிக் குடிபோனோம். இப்போது ஆபீசர்களோடு முதல் நிறுத்தத்திலேயே ஏறுகிறேன். ஜன்னலோர இடம் கிடைக்கிறது.

கேட்டிலும் புது சிஸ்டம்தான். பாஸ் எழுத, பொருளின் பெயரைத் தேடி எடுத்தால் அதன் விவரம் திரையில் வரும். ஒருநாள் போசரி லோடு வந்து நின்றது. பெயரைத் தேடினேன். முன்பு இல்லாத ஒரு பக்கம் புதிதாகத் திறந்தது. சப்ளையர்வாரியாகச் சுருளின் நீளம், ஒரு மீட்டரின் எடை. செகண்ட் ஃபேஸ் ஒருவழியாக வந்துவிட்டிருந்தது. குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி: லேபிளை நம்ப வேண்டாம், எடை போட்டுப் பார்க்கவும். நான் ஆங்கிலத்தில் எழுதியபோது எந்தச் சொற்களைப் போட்டேனோ அதே சொற்கள், அதே வரிசை. கீழே, 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் கோயம்புத்தூர்க்காரரின் பெயர். வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே பிரதி எடுத்திருக்கிறார். அந்த வேலைக்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர் அவசரப்படுத்தினான். "மேடம், பாஸ்! உள்ள போகணும்."

"ஒரு சுருளுக்கு எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

"லேபிள்ல போட்டிருக்கே. பாத்து எழுதிக்கோங்க."

கேட் பாஸில் நீளத்துக்கு ஓர் இடம் உண்டு. அதன் பக்கத்தில் 'லேபிளின்படி' என்று அச்சடித்திருக்கும். லேபிளில் இருந்ததை எழுதினேன், முத்திரை குத்தினேன், கொடுத்தேன்.